கோடி வேட்டியோடு ஒரு பாலம் வரை

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனார் என்று போனில் யாரும் சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் சீரியஸுங்க, கெளம்பி வாங்க" என்பார்கள். கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால் சொல்கிறவருக்குத்தான் சங்கடம். மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். இறங்குகிற இடத்தில் கொட்டுச் சத்தம் கேட்கும். அப்போது அழ ஆரம்பித்தால் போதும்.

ஜெர்மனியிலிருந்து என் மகன் குமாரைப் பற்றி வந்த போனிலும் அந்த வார்த்தைதான் இருந்தது.

குமார் இஞ்சினியர். கோயமுத்தூரில் படித்துவிட்டு, பாலங்கள் எவ்வளவு அசைகின்றன என்று அளந்து பார்க்கிற ஒரு கம்பெனியில் ஜெர்மனியில் வேலை செய்தான். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. அதனால் என் மகள் சரசுவின் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தான். சரசுவின் வீட்டுக்காரர் கருமத்தம்பட்டியில் பத்துத் தறி போட்டு ஓட்டுகிறார். போனை அவர்தான் எடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும்.

வெள்ளகோவிலுக்குப் பக்கம் எங்கள் தோட்டம். மாப்பிள்ளையும் சரசுவும் வந்து இறங்கியபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "அத்தைங்க, குமாரு வேலை செய்யற எடத்துல உழுந்துட்டானாமுங்க. கொஞ்சம் சீரியஸுங்களாமா. ஆராச்சும் கெளம்பி வரச் சொல்றாங்க" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டுத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் மோட்டார் ரூம் வாசலில் இருந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரும் யாரிடமும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அழுதார்கள்.

நான் எப்படி அவ்வளவு தூரம் போனேன் என்று இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை. அஞ்சாவது வரைக்கும் படித்தவள். கோயமுத்தூருக்குப் போனாலே பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கமாட்டேன். வேகமான ரயிலைக் காட்டுகிறேன் என்று சொல்லிக் குமார் போன தடவை வந்தபோதே எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தான். "ரயிலைப் பாக்கறதுக்கு அத்தாந்தூரம் போகோணுமா, ஈரோட்டுல இல்லாத ரயிலா" என்று அப்போது அவர் சிரித்தார். இப்போது அவரால் போக முடியாது. நெஞ்சுவலிக்காரர், மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. அதனால் பாஸ்போர்ட் இருந்த மாப்பிள்ளையும் நானும் என்று ஆயிற்று.

கிளம்புகிற அன்று என் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து ஒரு வேட்டியை எடுத்தார். தனக்கென்று எடுத்து இன்னும் உடுத்தாமல் வைத்திருந்த எட்டு முழம். புது வேட்டி என்றால் உடுத்துவதற்கு முன்னால் மூலையில் மஞ்சள் வைப்போம். இறந்தவருக்குப் போர்த்துகிற கோடித் துணிக்கு மஞ்சள் வைக்கமாட்டோம். அவர் வைக்கவில்லை. "அங்கெல்லாம் கோடி கெடைக்குதோ என்னமோ. நானே போத்துனாப்பல இதைப் போத்தியுடு" என்று என் கையில் கொடுத்தார். நான் வாங்கிப் பைக்கு அடியில் வைத்தேன்.

விமானத்தில் ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தார்கள். தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. சின்னச் சின்னத் தட்டில் எல்லாம் அளவாக வைத்து மூடி, பொம்மைச் சோறு போல. மாப்பிள்ளை, "சாப்புடுங்கத்தைங்க, போயி ரண்டு கையும் தெம்பா இருந்தாத்தான்" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். எதற்குத் தெம்பு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே கடல் தாண்டினோம்.

அங்கே எங்களைக் கூட்டிப்போக யோகன் என்று ஒரு பையனைக் கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். பையன் என்றாலும் நாற்பது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்குத் தப்பி வந்து, ஒரு ஓட்டலில் சமையல் வேலை செய்கிறார். குமாருக்குப் பழக்கமாம். "வாங்கோ அம்மா, களைச்சுப் போனியளோ" என்று என் பையை வாங்கினார். அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"உங்கட மகன் ஆஸ்பத்திரியில இருக்கிறார். இப்ப பரவாயில்லை, பயப்பட வேண்டாம்" என்றார். நல்ல பிள்ளை, எத்தனை தூரம் வந்தாலும் இதுவும் வாயால் சொல்லாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம் அம்மா? எங்கட கடையில சமைச்சுத் தரலாம்" என்று கேட்டார். படையலுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "அரிசிம்பருப்புச் சோறு" என்று சொல்வதற்குள் எனக்கு வாய் கோணிவிட்டது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து ரயில். குமார் காட்டுகிறேன் என்று சொன்ன ரயில் இதுதான். வெள்ளை வெளேர் என்று பாம்பு மாதிரி வந்து நின்றது. கதவு திறந்தால் உள்ளே தரை முழுக்க ஜமுக்காளம் விரித்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட அப்படி விரிக்கமாட்டார்கள். செருப்போடு எப்படி மிதிப்பது? கழற்றி வெளியில் ஓரமாக விட்டுவிட்டு ஏறினேன். கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் என் செருப்பு பிளாட்பாரத்தில் ஜோடியாக நிற்கிறது, நாங்கள் போகிறோம். யோகன் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர்ச் சீட்டில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி என் காலைப் பார்த்துவிட்டு அவரிடம் என்னவோ சொன்னது. "என்னங்க சொல்லுது?" என்றேன். "குளிருமே, என்ரை காலுறையைக் கழட்டித் தரவோ எண்டு கேக்கிறா." வேண்டாம் என்று கும்பிட்டேன்.

அந்த ரயிலில் சத்தமே இல்லை. எங்கள் ஈரோட்டுப் பாசஞ்சரில் போனால் தடக்கு தடக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கும், கண்ணை மூடிக்கொண்டே எவ்வளவு வந்தோம் என்று சொல்லிவிடலாம். இதில் மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளர் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வெளியே மரமெல்லாம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. திடீரென்று மரம் போய், கீழே பெரிய பள்ளம், அதில் குட்டியாக ஒரு ஊர். "அம்மா, இதுதான் உங்கட மகன் வேலை செய்த பாலம்" என்றார் யோகன்.

வேலை செய்த. அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எட்டிப் பார்ப்பதற்குள் பாலம் தீர்ந்துவிட்டது. டம்ளரில் தண்ணீர் அலுங்கவில்லை. என் மகன் விழுந்த பாலம், ஒரு குலுங்கு குலுங்கியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் வழவழவென்று நீளமான நடை. வெறுங்காலில் நடந்தேன். பையிலிருந்து வேட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். யோகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவைத் திறந்தார்.

கட்டிலில் படுத்திருந்த உருவம் தலையைத் திருப்பி என்னை மேலிருந்து கீழே பார்த்தது.

"ஏனுங்கம்மா, செருப்பு எங்கீங்க?" என்றான் என் மகன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்சம்மா ஓடிவந்தது. என்னைத் தூக்குவார்களா, கத்துகிற மாப்பிள்ளையைப் பிடிப்பார்களா? "குமாரு! குமாரு! உன்னைய ஸ்டேபிள்ல வெச்சிருக்குதுன்னு சொன்னாங்களேடா!" என்கிறார் மாப்பிள்ளை. போனில் அந்த வார்த்தையை அவர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஸ்டேபிள் என்றால் குதிரை லாயம் என்று படித்தது. பிணத்தை ஏதோ லாயத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டார். அதை எங்களிடம் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார். இன்னொரு தடவை போன் பண்ணிக் கேட்டபோதும் லாயம்தான். மேலே எப்படிக் கேட்பார் பாவம்.

"ஸ்டேபிள்னா மேல மோசமாகாம நெலையா இருக்குதுன்னு அர்த்தமுங்க மச்சான்" என்று குமார் சிரித்தான். சிரித்தால் வலித்தது போல, பாதியில் நிறுத்தினான்.

பிறகு என் கையைப் பார்த்தான். "எனக்கு வேட்டிங்களா? குடுங்க. இந்த ஊருத் துணி ஒடம்பெல்லாம் உறுத்துது." என்னால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. வாங்கி மோந்து பார்த்தான். பிரித்து மூலையைத் தேடினான். இந்த மூலை, அந்த மூலை. "மஞ்சள் வெக்காம கொண்டாந்துட்டீங்களா?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குப் போத்தறதுக்கா?"

வேட்டியைத் திருப்பி வாங்கப் போனேன். அவன் விடவில்லை.

"ஆரு குடுத்தனுப்புனாங்க?"

"அப்பா" என்றேன்.

அதற்குள் யோகன் நடந்ததைப் புரிந்துகொண்டு, தன் கடைக்கு ஓடி ஒரு காகிதத்தில் மஞ்சள்தூள் கொண்டுவந்தார். நான் தண்ணீர் தொட்டு நாலு மூலைக்கும் அழுத்தி வைத்தேன். ஒரு மூலைக்குப் போதுமே அம்மா என்றான் குமார். போதாது என்று எனக்குத் தோன்றியது.

உடனே ஊருக்குப் போன் போட்டோம். தோட்டத்துக்குப் பக்கத்தில் போன் இருப்பது எண்ணெய் மில்காரர் வீட்டில்தான். மாப்பிள்ளை பேசினார். "குமாரு உசுரோட இருக்கானுங்க! நல்லா இருக்கானுங்க! மாமாகிட்டச் சொல்லியுடுங்க!" மில்காரர், "செரிங்க, செரிங்க, சொல்லிப்போடறேனுங்க. நீங்க மனசைத் தளர உட்றாதீங்க" என்றாராம். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு அந்தக் கடைசி வார்த்தை என்று இருந்தது.

மறுநாள் கூப்பிட்டபோது சரசு வந்து காத்திருந்தாள். "அம்மா, அப்பா நம்பமாட்டீங்கறாரு. 'உங்கம்மா என்னையத் தேத்தறதுக்குச் சொல்றா'ங்கறாரு. 'கோடியக் குடுத்தனுப்புனது நானு, எனக்குத் தெரியாதா'ங்கறாரு. மாத்திரையும் வேண்டாம், சோறும் வேண்டாம், செவுத்தைப் பாத்துப் படுத்திருக்கறாரு."

"நீ நம்பறயா கண்ணு?" என்று கேட்டேன்.

"நெசமாலுமே இருக்கானாம்மா?" என்றாள்.

போனை வாங்கிக் குமாரே அக்காவிடம் பேசினான். அந்தப் பக்கம் அவள் அலறியது எனக்கே கேட்டது. அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொல்கிறேன் என்றாள். சொன்னால் மறுபடியும் நம்பமாட்டார் என்று குமார் சொன்னான். "நாளைக்கு மில்லுக்குக் காரு வெச்சாவது கூட்டியாந்துரு. என்ற குரலைக் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு."

அன்றைக்கு யோகன் கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சோற்றை அவனுக்கு ஊட்டினேன். தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தார்கள், எங்கள் ருசி இல்லை. இருந்தாலும் தின்றான். தின்றுவிட்டு, வந்ததுதான் வந்தீர்கள், என் வேலை என்னவென்று தெரிந்துகொண்டு போங்கள் என்று ஆரம்பித்தான். படுத்துக்கொண்டே பேசினான். நான் அவன் போர்வைக்குக் கீழே கால்கள் இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை.

"இங்க தண்டவாளத்துல சந்தே கெடையாதுங்கம்மா. மைல்கணக்குல ஒரே துண்டா ஒட்டியிருக்கும். நம்மூருல வெய்யிலுக்கு நீளட்டும்னு துண்டுக்குத் துண்டு சந்து உடறாங்க, அதுதான் தடக்கு தடக்குன்னு கேக்கறது. இந்த வேகத்துக்கு அப்படிச் சந்து இருந்தா சம்மட்டியில அடிச்சாப்பல இருக்கும்."

"அப்ப வெய்யிலடிச்சா அது எங்க கண்ணு போகும்?"

"எங்கயும் போக முடியாதுங்க. உள்ளயே அடக்கிக்கும். தரையில ஜல்லியும் கட்டையும் கெட்டியாப் புடிச்சுக்கறதால தாங்கிக்கும். பாலத்துலதான் வம்பு. பாலம் சும்மா இருக்காது. வெய்யிலுக்கு நீளும், பனிக்குச் சுருங்கும். வண்டி மேல வந்தா வளையும், பிரேக் போட்டா வண்டி அதைய முன்னால தள்ளும். அதனால ஒரு முனையக் கெட்டியாப் புடிச்சு வெச்சுட்டு, இன்னொரு முனைய நகர உட்டுருவாங்க. பாலம் நகர்றது தப்பில்லீங்க. மேல ஒட்டிக்கிட்டு இருக்கற தண்டவாளத்துக்கு அது என்ன செய்யுதுங்கறதுதான் கேள்வி."

எனக்கு விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்கும். வேட்டியை நீளவாக்கில் மடிக்கச் சொன்னான். கட்டில்மேல் ஒரு தலையணையை வைத்து, அதன் மேல் வேட்டியைப் போட்டு, இரண்டு பக்கமும் மெத்தையில் நீட்டி விடச் சொன்னான். தலையணை பாலம், வேட்டி தண்டவாளம். "இப்பத் தலையணைய மெதுவா அந்தப் பக்கமா நகத்துங்க" என்றான்.

நகர்த்தினேன். தலையணைமேல் கிடந்த வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதோடு சேர்ந்தே போயிற்று. தலையணை முடிந்து மெத்தை ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் துணி சுருண்டு மேலே எழும்பியது. மஞ்சள் வைத்த மூலை புரண்டுகொண்டது.

"பாத்தீங்களா? நகர்றது பாலம். அடி உழுகறது அதுக்கு அக்கட்டால, தரை மேல. அங்க நிக்கறவனுக்குப் பாலம் நகந்ததே தெரியாது. அதைய முன்னக்கூட்டியே அளந்து சொல்றதுதானுங்க என்ற வேலை. தலமயிரு அளவுன்னாலும் சொல்லிருவோம்."

எனக்கு அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் எங்கள் வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வந்தது. அதைப் பார்த்துப் படுத்திருக்கிறவரும். வேட்டியை நீவி விட்டேன்.

அடுத்த நாள் காலையில் குமாருக்கு மேலதிகாரியான ஒரு வெள்ளைக்காரம்மா வந்து, பாலத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டது. போன் பேசுவதற்கு நேரம் இருந்தது. எனக்குக் கடையில் ஒரு செருப்பும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனது. மாப்பிள்ளை குமாரோடு இருந்துகொண்டார். யோகன் என்னோடு வந்தார்.

கீழிருந்து பார்த்தால் அந்தத் தூண்கள் கழுத்து வலிக்கிற உயரம். பள்ளத்தில் பசுக்கள் மேய்ந்தன, எங்கள் மாடுகளைவிட இரண்டு பங்கு. பாலம் மண்மேட்டில் வந்து சேருகிற முனைக்குப் படி வைத்திருந்தார்கள். ஏறினோம். பாலத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சந்து, கை நுழைகிற அளவு. அதில் ஒரு கருவியை மாட்டியிருந்தார்கள். ஊசி ஒன்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தது. நல்ல வெயில் அடித்த ஒருநாள் பாலம் கணக்குக்கு மேல் நகர்ந்ததாக இந்த ஊசி காட்டியதாம். கருவி பொய் சொல்கிறதா, பாலம் நிஜமாகவே நகர்ந்ததா என்று கையால் அளந்து பார்க்கக் குமார் தூணுக்குள் இருக்கிற ஏணியில் இறங்கியிருக்கிறான். கால் வழுக்கிவிட்டது. ஒருத்தர்மேலும் தப்பில்லை.

"பாலம் நெசமாலுமே நகந்துதுங்களா?" என்று கேட்டேன். யோகன் கேட்டுச் சொன்னார்: "இல்லையாம் அம்மா. பாலம் சரியாத்தான் நிண்டதாம். கருவியில இருந்த ஒரு ஆணி தளர்ந்திருந்ததாம்."

ரயில் வந்தது. பாலத்தில் கை வை என்று அந்தம்மா சாடை காட்டியது. வைத்தேன். தலைக்குமேல் காற்றுக் கிழிகிற சத்தம் வந்து போயிற்று. சினைமாட்டு வயிற்றில் கை வைத்தால் உள்ளே ஒன்று புரளுமே, அப்படி ஒரு புரளல் கையில் தெரிந்தது. ஊசி ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுப் பழைய கோட்டிலேயே வந்து நின்றது.

அந்தம்மா என் முகத்தைப் பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னது. யோகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் காலம் எடுக்குமாம் அம்மா" என்றார்.

"அத்தனை நேரம் பேசுனதுக்கு இத்துனூண்டா? அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க சாமி."

"நான் எப்படிச் சொல்லுவன் அம்மா?"

"அப்படியே சொல்லுங்க."

"முதுகெலும்பு முறிஞ்சிட்டுதாம். கால் ரெண்டும் திரும்ப வராதாம். மகனுக்கு இன்னும் சொல்லேல்லையாம். நீங்கள் பக்கத்தில இருக்கேக்க சொல்லலாம் எண்டு இருக்கினமாம்."

எனக்கு அந்தம்மாமேல் கோபம் வரவில்லை. அது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் கண்ணிலும் தண்ணீர். இப்படிச் சொல்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் அந்தச் சந்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பசுக்கள் மேய்ந்துகொண்டே இருந்தன.

திரும்பி வந்தபோது குமார் தயாராக இருந்தான். தலையைச் சீவி விடச் சொல்லியிருக்கிறான், போனில் பேசுவதற்கு. "அப்பா மொதல்ல என்ன கேப்பாரு தெரியுங்களா? தோட்டத்துக்கு எப்ப வாரேன்னு கேப்பாரு. சித்திரைக்கு வந்து நானே தண்ணி கட்டறேன்னு சொல்லப்போறேன்" என்றான். நான் வேட்டியை மடிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளை நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார். மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சரசு, அப்பாகிட்டக் குடு கண்ணு. குமாரு பக்கத்துல இருக்கறான்."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போன் கை மாறியது. மில்காரர் பேசினார்.

"ஏனுங் அம்மணி, பெரியவருக்குக் கொஞ்சம் சீரியஸுங்க. கெளம்பி வாங்க."

"இருக்காருங்களா, இல்லீங்களா?"

இந்த வயது வரைக்கும் நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கும் யாரும் அப்படிக் கேட்டுப் பழக்கம் இருக்காது. "கெளம்பி வாங்க அம்மணி" என்றார் மறுபடியும், முன்னைவிட மரியாதையாக.

"அப்பா வந்துட்டாருங்களாம்மா? குடுங்க" என்று குமார் கையை நீட்டினான்.

நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பாலத்தடியில் அந்தம்மா என்னிடம் சொன்னதுபோல. ஆனால் என் வாய்க்கு அந்த வார்த்தை தெரியவில்லை. "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம் கண்ணு" என்றுதான் வந்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. மாப்பிள்ளை, "ஸ்டேபிளான்னு கேளுங்கத்தை, ஸ்டேபிளான்னு கேளுங்க" என்று தேம்பினார். குமார் அழவில்லை. தலைமாட்டில் இருந்த வேட்டியை இழுத்து, படுத்தவாக்கிலேயே நாலாக மடித்தான். மடிப்பு நேராக வரவில்லை. என் மடியில் வைத்தான்.

"கொண்டுபோங்கம்மா. நானே போத்துனாப்பல போத்தியுடுங்க."

"மூலையில மஞ்ச இருக்குது கண்ணு."

"இருக்கட்டுங்க."

ஒருவனைப் படுக்கையில் விட்டுவிட்டு ஒருவரைப் பார்க்கக் கிளம்பினேன். கால் விஷயத்தை அவனுக்கு நான் சொல்லவில்லை. யோகன் தினமும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். கதவுக்குப் பக்கத்தில் நின்று, "நான் வாரேன் கண்ணு" என்றேன். "போயிட்டு வாங்கம்மா" என்றான். திரும்பிப் போகும்போதும் அதே ரயில், அதே பாலம். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். எப்போது தாண்டினோம் என்று தெரியவில்லை.

கோயமுத்தூரில் இறங்கிக் காரில் வந்தோம். காங்கயம் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். கொட்டுச் சத்தம் இல்லை. ஒரு நிமிஷம், மில்காரர் சொன்னது சொன்ன அர்த்தம்தானோ என்னவோ என்று ஒரு ஆசை வந்தது. வாசலில் இறங்கினால் பந்தல் பிரித்துக் கால் ஊன்றிய குழிகள் மட்டும் இருந்தன. வெயிலுக்கு உடம்பு தாங்காது என்று காத்திருக்காமல் எடுத்துவிட்டார்கள். கார் வந்து நின்று, மில்லுக்குப் போகலாம் என்று சரசு எழுப்பப் போன காலையிலேயே அவர் இல்லையாம். செவுத்தைப் பார்த்தபடியே.

வேட்டி பீரோவில் இருக்கிறது. உடுத்தலாம் என்றால் அது கோடி. போர்த்தலாம் என்றால் அதில் மஞ்சள். பெரியவர்கள் யாரைக் கேட்டாலும், "அதைய இப்ப எதுக்கு அம்மணி, உள்ள வெய்யி" என்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டிலேயே போன் வைத்தாகிவிட்டது. மணி அடித்தால் நான்தான் எடுக்கிறேன். யாராவது கொஞ்சம் சீரியஸுங்க என்று ஆரம்பித்தால், "இருக்காங்களா, இல்லீங்களா, அதைச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். புருசன் போனதும் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தத்தில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை குமார் பேசுகிறான். கால் விஷயத்தை அந்த வெள்ளைக்காரம்மாவே அவனிடம் சொல்லிவிட்டதாம். அங்கேயே சக்கர நாற்காலியில் வைத்து ஆபீஸ் வேலை கொடுத்திருக்கிறார்கள். எப்படி இருக்கறே கண்ணு என்று கேட்பேன். "நல்லா இருக்கேனுங்கம்மா" என்பான். பாலம் தலைமயிர் அளவு நகர்ந்தாலும் அளந்து சொல்கிறவன். எனக்குச் சொல்வது இது ஒன்றுதான். சரிங்க கண்ணு என்கிறேன். அதற்குமேல் அவனிடம் கேட்க மட்டும் எனக்கு வாய் வருவதில்லை.